அந்திம காலத்தில் பாசுரம் பாடுவது: உபாயமா, கைங்கரியமா?

மரணப் படுக்கையில் இருப்பவரின் செவியில் எம்பெருமானுடைய திருநாமம் விழ வேண்டும் என்பது ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் ஆழ வேரூன்றிய எண்ணம். அருகில் அமர்ந்து திருவாய்மொழி ஸேவிப்பதும், ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமம் பாராயணம் செய்வதும், காதருகே குனிந்து திருமந்திரத்தை ஓதுவதும் தலைமுறைகளாக வந்த வழக்கங்கள். முன்பு இவை வீட்டுக் கூடத்தில் நடந்தன. இன்று பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலருகே நடக்கின்றன. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கும் முதியவர்களிடம் பாகவதர்கள் சிலர் தாமாகவே சென்று பாசுரம் ஸேவித்துத் திரும்புவதும் உண்டு. அதற்கும் ஆள் இல்லாதபோது தலையணையருகே வைத்த கைப்பேசி இரவும் பகலும் ஓயாமல் ஒலிக்கிறது.

இவ்வழக்கத்தின் பெருமையில் யாருக்கும் ஐயமில்லை. அதன் நோக்கம் பற்றித்தான் தெளிவில்லை. கடைசி மூச்சில் பகவந்நாமம் நினைவில் இருந்தால்தான் நற்கதி. அந்த நினைவை உண்டாக்கவே பாடுகிறோம் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து அன்பில் பிறந்ததே. ஆனால் அதன் விளைவுகள் கடுமையானவை. நினைவு மங்கியவரைத் தோளைப் பிடித்து உலுக்கி, "நாராயணா என்று ஒரு தரம் சொல்லுங்கோ" என்று உற்றார் மன்றாடுகின்றனர். வாய் திறவாமலே ஒருவர் பரமபதித்தால், "கடைசியில் திருநாமம் சொல்லாமல் போய்விட்டாரே" என்ற ஏக்கம் அக்குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் வாட்டுகிறது. ஆகவே அந்திம காலத்தில் பாடுவது பேற்றுக்கு உபாயமா, அன்றி ஒரு பாகவதருக்குச் செய்யும் கைங்கரியமா என்பது வெறும் நூற்கேள்வி அன்று.

பெரியாழ்வார் காட்டும் படுக்கை

இவ்வழக்கத்துக்குப் பிரமாணமாகப் பலரும் முதலில் காட்டுவது பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்து ஐந்தாம் திருமொழி. சாகும் மனிதனின் படுக்கையை இவ்வளவு அருகிலிருந்து பார்த்த பதிகம் திவ்யப்பிரபந்தத்தில் வேறில்லை. சீழ் பிடித்த புண்ணில் ஈக்கள் மொய்க்கின்றன. வாயில் ஊற்றிய கஞ்சி உள்ளே இறங்காமல் கடைவாய் வழியே வெளியே வருகிறது. தொண்டை அடைக்கிறது, வாய் ஒருபுறம் கோணுகிறது. மூக்கருகே மூச்சைச் சோதித்துப் பார்க்கிறார்கள். இவற்றில் எதையும் ஆழ்வார் மறைக்கவில்லை.

படுக்கையைச் சூழ்ந்து எழும் ஒலிகளையும் அவர் தனித்தனியே பதிவு செய்கிறார். ஒன்று, பொருளை எங்கே மறைத்து வைத்தாய் என்று சூழ்ந்திருந்து வற்புறுத்திக் கேட்கும் உற்றாரின் குரல். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது, தாயும் தந்தையும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கதறும் குரல். மூன்றாவது, உயிர் போன பின் உறவினர் கூடி, குறைகளை ஒதுக்கிவிட்டு நல்லவற்றையே சொல்லிப் பாட்டோடு பாடையில் ஏற்றும் ஓசை. அப்பாட்டு இறந்தவனுக்குப் பயன்படாது. இருப்பவர்களின் முறைமைக்காக எழுவது அது.

இப்பதிகத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். படுக்கையருகே அமர்ந்து சாகிறவனுக்குத் திருநாமம் பாடிக் காட்டுபவர் எவரும் இதில் இல்லை. சொல்ல வேண்டியவன் அவனே. முதற்பாசுரம் உயிர் போகும் எல்லையையே பேசுகிறது. அங்கே உறவையும் நிலத்தையும் சொல்லிப் புலம்பாமல் எம்பெருமான் திருநாமங்களைச் சொல்லுவோர் பெறும் பெருமையைப் போற்றுகிறது. ஆயினும் தொடரும் பாசுரங்களில் திரும்பத் திரும்ப வருவது, இந்நிலை நேர்வதற்கு முன்னமே சொல்லிவிடு என்னும் உபதேசம். கேட்பவர்கள் நலமாக இருக்கும் மக்கள். ஆகையால் படுக்கையருகே பாடுவதற்கு இப்பதிகத்தை நேரான விதியாகக் காட்டுவது பொருந்தாது. இது வாழ்கிறவர்களுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை.

அடுத்து வரும் ஆறாம் திருமொழி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைக்குக் கண்ட பெயரை இடாமல் எம்பெருமான் திருநாமத்தை இடச் சொல்கிறார் ஆழ்வார். அப்படிப் பெயரிட்ட தாய் நரகம் புகாள் என்கிறார். பிள்ளையைச் சோறுண்ண அழைப்பதும், தெருவில் கூப்பிடுவதும் திருநாம உச்சாரணமாகிவிடுகிறது. ஸ்ரீமத்பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன் மகனைத்தான் கூப்பிட்டான். காத்தது எம்பெருமான் திருநாமம். ஐந்தாம் திருமொழியையும் ஆறாம் திருமொழியையும் சேர்த்து வாசித்தால், கடைசிப் படுக்கைக்கென்று தனியாக ஒரு பாட்டைத் தேட வேண்டாத வாழ்க்கையையே ஆழ்வார் விரும்புகிறார் என்று தெரியும்.

பிறர்க்குச் சொன்னதும் தமக்குச் சொன்னதும்

அதே நான்காம் பத்தின் இறுதியில், திருவரங்கத்துப் பள்ளிகொண்டானை நோக்கிய திருமொழியில், பேச்சின் திசை மாறுகிறது. ஐந்தாம் திருமொழியில் பிறரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று உபதேசித்த அதே ஆழ்வார், இங்கே தம்மைப் பற்றிப் பேசும்போது, இளைப்பு வந்து நலியும் வேளையில் உன்னைச் சிறிதும் நினைக்க என்னால் இயலாது என்று விண்ணப்பம் செய்கிறார். அதனால் அந்த வேளைக்காக இந்த வேளையிலேயே சொல்லி வைத்ததாகவும் தெரிவிக்கிறார். தமக்குத் தகுதி உண்டென்று அவர் கூறவில்லை. யானைக்கு இரங்கியவன் என்பதையே பற்றுக்கோடாகக் கொள்கிறார்.

முகுந்தமாலையில் குலசேகரரும் இதே நிலையில் நிற்கிறார். உயிர் போகும் வேளையில் கபமும் வாதமும் பித்தமும் தொண்டையை அடைத்துவிடும், அப்போது நினைவு எங்கிருந்து வரும் என்று கேட்டு, தம் மனம் இன்றே எம்பெருமான் திருவடிகளில் புக வேண்டும் என்று வேண்டுகிறார்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி இழக்கப்பட, அந்தப் பகுதிக்கு மணவாள மாமுனிகள் வியாக்கியானம் அருளினார் என்பது அறிந்ததே. அவ்வியாக்கியானத்தின் துணையோடு இவ்விரு திருமொழிகளையும் கற்பவர்கள் பரோபதேசம், ஸ்வாநுபவம் என்ற வேறுபாட்டை மறக்கலாகாது. உபதேசத்தில் சேதநனின் கடமை முன்னிற்கிறது. அநுபவத்தில் அவனது இயலாமையும் ஈச்வரனின் பொறுப்பும் முன்னிற்கின்றன. படுக்கையில் கிடப்பவர் உபதேசம் கேட்கும் நிலையைக் கடந்தவர். அவரிடம் ஐந்தாம் திருமொழியின் கட்டளையைக் கொண்டுபோவது இடமறியாச் செயல். அங்கே நினைவுக்கு வர வேண்டியது அரங்கனிடம் ஆழ்வார் செய்த விண்ணப்பம்.

கீதையும் வராஹ சரம ச்லோகமும்

எதிர்க்கட்சிக்கு வலுவான ஆதாரம் ஸ்ரீபகவத்கீதையின் எட்டாம் அத்தியாயம். இறுதியில் எதை நினைத்தபடி உடலை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று ஐந்தாம், ஆறாம் ச்லோகங்கள் கூறுகின்றன. ஆனால் பிரகரணம் அங்கே முடிவதில்லை. அடுத்த ச்லோகத்திலேயே, ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை என்று கண்ணன் அர்ஜுநனுக்குச் சொல்கிறான். கடைசி நினைவு கடைசி நாளில் தயாரிக்கப்படுவதன்று. வாழ்நாள் முழுதும் செய்த பாவனையின் பலன் அது. அந்திம ஸ்மிருதியைத் தன் பொறுப்பாகக் கொண்ட உபாஸகனுக்கே அந்த விதி சுமையாகிறது. ஒரு மணி நேரப் பாராயணத்தால் மற்றொருவர் அதை அவருக்கு ஈட்டிக் கொடுத்துவிடலாம் என்று அப்பிரகரணத்திலிருந்து முடிவு கட்ட இயலாது.

பிரபந்நனின் நிலை வேறு. அதற்குப் பூர்வாசாரியர்கள் கைக்கொண்டது வராஹ சரம ச்லோகம். பூமிப்பிராட்டிக்கு எம்பெருமான் கொடுத்த வாக்கு அது. உடலும் மனமும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், பின்பு சாகும் தறுவாயில் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது, அவனை நான் நினைக்கிறேன். அவனைப் பரமகதிக்கு நானே அழைத்துச் செல்கிறேன் என்பது அதன் திரண்ட பொருள். இங்கே நினைக்கும் தொழில் சேதநனிடமிருந்து ஈச்வரனுக்கு மாறிவிடுகிறது. கட்டையையும் கல்லையும் உவமையாக எடுத்ததன் கருத்து நுட்பமானது. கல் கேளாது, கல் நினையாது. கேளாத, நினையாத அந்நிலையைச் சொல்லியே எம்பெருமான் தன் வாக்கைக் கொடுக்கிறான்.

ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரத்தின் நிர்யாணாதிகாரத்தில் வேதாந்ததேசிகன் உயிரின் புறப்பாட்டை விளக்குகிறார். ஹ்ருதயத்தில் எழுந்தருளியிருக்கும் ஹார்த்தனே சேதநனைப் பிரம்மநாடி வழியே புறப்படச் செய்து அர்ச்சிராதி மார்க்கத்தில் சேர்க்கிறான் என்பது ஸம்ப்ரதாயத்தின் துணிபு. உபாயத்தின் நுட்பங்களில் தென்னாசாரியர்களும் தேசிக ஸம்ப்ரதாயத்தாரும் வேறுபடும் இடங்கள் பல. ஆனால் பிரபந்நனின் கடைசி நொடி அவன் நாவின் திறத்தையோ சுற்றத்தாரின் குரல்வளத்தையோ பற்றி நிற்கவில்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இந்நாளில் செவிப்புலனே கடைசியாக ஒடுங்குவது என்ற மருத்துவக் கருத்தும் பாராயணத்துக்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சுமூச்சின்றிக் கிடந்த நோயாளிகள் சிலரின் மூளை ஒலி மாற்றங்களை உணர்ந்ததற்கான மின்னடையாளங்கள் பதிவாயின. அன்போடு பேசவும் பாடவும் இது ஊக்கம் தரும் செய்தியே. ஆனால் ஒலியை மூளை உணர்வது வேறு. பொருளை உள்ளம் பற்றுவது வேறு. ஸம்ப்ரதாயத்தின் நம்பிக்கை இந்தக் கருவிப் பதிவின் மேல் கட்டப்பட்டதன்று. செவியும் ஒடுங்கிவிட்டது என்று நாளை வேறோர் ஆய்வு சொன்னாலும் வராஹ நாயனார் கொடுத்த வாக்குக்குக் குறைவில்லை.

நஞ்சீயர் கேட்ட பதிகம்

அப்படியானால் பாடவே வேண்டாமா என்ற கேள்வி எழும். இதற்கு ஆசாரியர்களின் வாழ்க்கையே விடை தருகிறது. பராசர பட்டரின் சீடரும், திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி அருளியவருமான நஞ்சீயர் அந்திம தசையில் நோவுற்றிருந்தார். அவரைக் காண வந்த ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர் திருவுள்ளத்தில் என்ன விருப்பம் என்று கேட்டார். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் மூன்றாம் பத்து ஆறாம் திருமொழியைக் கேட்க வேண்டும், நம்பெருமாள் புறப்பாட்டில் முன்னழகையும் பின்னழகையும் ஸேவிக்க வேண்டும் என்று நஞ்சீயர் தெரிவித்தார். அவ்வாறே அரையர் அப்பதிகத்தை இசைக்க, நஞ்சீயர் உருகினார் என்று குருபரம்பரை வரலாறு கூறும்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கவை. முதலாவது, வந்தவர் பாடத் தொடங்கவில்லை, கேட்டார். எது நல்லது என்று தாமே தீர்மானிக்காமல் நோவுற்றவரின் உகப்பை அறிந்த பிறகே செயலில் இறங்கினார். சேஷபூதன் சேஷியின் உகப்பை அறிந்து செய்வதே கைங்கரியம் என்ற இலக்கணம் இங்கே பாகவத கைங்கரியத்திலும் பொருந்தி நிற்கிறது.

இரண்டாவது, நஞ்சீயர் கேட்ட பதிகம் எது என்பது. பரமபதத்தை வருணிக்கும் பாசுரங்கள் இருந்தன. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்து ஒன்பதாம் திருமொழியில், திருநாட்டுக்குப் போகும் அடியார்களை வழிநெடுகத் தேவர்கள் எதிர்கொள்வதையும், கின்னரர் முதலானோர் பாடி வரவேற்பதையும் விரிவாகப் பாடியிருக்கிறார். சரணாகதிப் பாசுரங்களும் பல இருந்தன. நஞ்சீயர் கேட்டதோ திருவாலி எம்பெருமானைப் பிரிந்த பரகால நாயகி வண்டைத் தூது விடும் பாட்டு. அது ஆறுதல் பாட்டன்று, ஆற்றாமைப் பாட்டு. காதலன் இன்னும் வரவில்லை என்ற தவிப்பில் எழுந்தது. மரணத்தை அந்த மஹான் ஓய்வாக எண்ணவில்லை, பிரிவின் முடிவாக எண்ணினார் என்பதை இத்தேர்வே காட்டுகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு அமைதியூட்டும் பாட்டே ஏற்றது என்று பிறர் முடிவு செய்திருந்தால் இந்தப் பதிகம் ஒருபோதும் பாடப்பட்டிராது.

மூன்றாவது, இந்தப் பாட்டால்தான் நஞ்சீயருக்குப் பேறு கிடைத்தது என்று வரலாறு சொல்லவில்லை. பேறு ஆசாரிய ஸம்பந்தத்தால் முன்பே ஸித்தித்தது. பாட்டு, பேற்றை எதிர்நோக்கியிருந்தவரின் போஜனம்.

மேனாட்டுப் பாடகர் குழுக்கள்

படுக்கையருகே பாடுவதை ஒரு தொண்டாக ஒழுங்குபடுத்திய முயற்சி அமெரிக்காவில் காணப்படுகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் கேட் முங்கர் என்னும் அம்மையார் 2000ஆம் ஆண்டில் 'த்ரெஷோல்ட் கொயர்' என்ற குழுவைத் தொடங்கினார். வாசற்படிப் பாடகர் குழு என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். 1990இல், நினைவிழந்து கிடந்த நண்பர் ஒருவரின் அருகே வேறு செய்வதறியாமல் ஒரே பாட்டை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பாடிக்கொண்டிருந்த அநுபவமே அதற்கு வித்து. இன்று அக்குழுவின் கிளைகள் பல நாடுகளில் இயங்குகின்றன. பாடுவோர் தொண்டர்கள், ஊதியம் பெறுவதில்லை.

அவர்களின் நெறிகள் சிந்திக்கத்தக்கவை. அழைப்பின்றிச் செல்வதில்லை. பெருங்கூட்டமாகப் போகாமல் இருவர், மூவர், நால்வராகப் போகின்றனர். இசைக்கருவிகள் இல்லை. சிறு பாட்டு ஒன்றை மெல்லிய குரலில், படுத்திருப்பவர்க்கு எட்டும் அளவே, திரும்பத் திரும்பப் பாடுகின்றனர். பாட்டுக்குப் பின் மௌனம் காக்கின்றனர், பாராட்டை எதிர்பார்ப்பதில்லை. பயிற்சிக் கூடத்தில் தங்களுள் ஒருவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, மற்றவர் சூழ்ந்து பாடுவதும் வழக்கம். பாட்டைப் பெறுபவரின் நிலை என்ன என்பதைப் பாடுபவர் தம் உடலால் அறிய இது வழி.

இந்நெறிகளின் அடக்கத்தை மெச்சலாம். அதே வேளை வேறுபாட்டையும் மறைக்கலாகாது. எம்மதத்தாருக்கும் பொருந்தும்படி அவர்கள் தமக்கென்று பாடல்களைப் புதிதாக இயற்றிக்கொள்கின்றனர். பெரும்பாலும் அவை தாலாட்டின் சாயல் கொண்டவை. உடனிருக்கிறோம், அஞ்ச வேண்டாம் என்பதே உள்ளுறை. அங்கே துணை நிற்பவர் பாடுபவரே. ஸ்ரீவைஷ்ணவ கோஷ்டியில் பாடுபவர் துணையல்லர். துணையாய் நிற்பவனை நினைத்து நிற்பவர். தாலாட்டு உறங்கச் செய்வது. நஞ்சீயர் கேட்ட பதிகமோ உறங்கவிடாதது. ஆகவே மேனாட்டுக் குழுவிடமிருந்து பாட்டின் பொருளைக் கற்க வேண்டியதில்லை. பாடும் முறையில், கேட்ட பிறகே பாடுதல், குரலை அடக்குதல், மௌனத்துக்கு இடம் விடுதல் ஆகியவற்றைப் பார்த்து வியக்கும்போது, இவை நஞ்சீயரைக் காண வந்த ஸ்ரீவைஷ்ணவரிடம் முன்பே இருந்த பண்புகள் என்பதை நினைவுகூர வேண்டும்.

கைங்கரியமாகக் கொண்டால்

பாடுவதை உபாயமாகக் கொண்டால் அளவும் தொடர்ச்சியும் முக்கியமாகிவிடும். எத்தனை முறை ஓதினோம், கடைசி நொடியில் எது ஒலித்தது, இடையில் நின்றுவிட்டதா என்ற கணக்கு வரும். இரவெல்லாம் ஓடும் ஒலிப்பதிவு இக்கணக்கின் பிள்ளை. அதைத் தொடங்கிவிட்டு உறவினர் வேறு அறைக்குப் போய்விடலாம். ஒலி தன் வேலையைச் செய்யும் என்ற எண்ணம் அது. கைங்கரியத்துக்கோ ஆள் வேண்டும். எம்பெருமானார் திருநாடு அலங்கரித்தபோது எம்பார் மடியில் திருமுடியும் வடுகநம்பி மடியில் திருவடிகளும் இருந்தன என்று குருபரம்பரை கூறுவதை எண்ணிப் பார்த்தால், அருகாமை என்பது எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது என்று புரியும்.

கைங்கரியமாகக் கொண்டால் நோவுற்றவரின் உகப்பு முன்னிற்கும். வாழ்நாளெல்லாம் திருப்பாவையை ஸேவித்தவருக்கு அதுவே இனிக்கும். இரைச்சல் பொறாதவருக்கு ஒரு பாசுரமும் நீண்ட மௌனமும் போதும். வலியில் துடிப்பவருக்கு முதலில் வேண்டியது மருந்து. பாசுரம் பிறகு வரலாம். பக்கத்துக் கட்டிலில் வேறு சமயத்தவர் இருந்தால் குரலைத் தாழ்த்துவதால் திருநாமத்துக்கு எந்தக் குறைவும் வராது.

மருத்துவமனையில் ஆசாரம் ஏது, அங்கே அருளிச்செயல் ஸேவிக்கலாமா என்ற தயக்கத்துக்கும் இங்கேயே விடை உண்டு. பிரபத்திக்கு இடம், காலம், முறை, அதிகாரி, பலன் என்னும் நியமங்கள் இல்லை, விஷய நியமம் மட்டுமே உண்டு என்று பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசநபூஷணத்தில் அறுதியிட்டார். நீராடிச் சுத்தியோடு இருந்து திரௌபதி சரணம் புகவில்லை என்பதை அங்கே எடுத்துக்காட்டுகிறார். சீழும் ஈயும் மொய்க்கும் உடலை வருணித்த அதே பாசுரத்தில்தான் பெரியாழ்வாரும் திருநாமத்தை வாயால் சொல்லிக் கைகூப்பச் சொல்கிறார். சரணம் புகுவதற்கே இல்லாத நியமத்தை, சரணம் புக்கவர் அருகே அமர்ந்து பாடுபவர் மேல் ஏற்றுவது தகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருநாமம் சொல்லாமல் போனவரைப் பற்றிய தீர்ப்பு விலக வேண்டும். மூளைக்குள் இரத்தம் கசிந்தோ, மயக்க மருந்தின் பிடியிலோ, உறக்கத்திலோ ஒருவர் பரமபதித்திருக்கலாம். அவர் நலமாக இருந்த நாளில் ஒருமுறை ஆசாரியன் திருவடியில் விழுந்தாரா என்பதே பார்க்க வேண்டியது. விழுந்திருந்தால், அவர் கட்டையாய்க் கல்லாய்க் கிடந்த அந்த நேரத்தில் நினைக்க வேண்டியவன் நினைத்தான். அதைச் சந்தேகிப்பது அவருடைய பக்தியைச் சந்தேகிப்பதன்று. பூமிப்பிராட்டிக்குக் கொடுத்த வாக்கைச் சந்தேகிப்பதாகும். படுக்கையருகே பாடச் செல்லும் பாகவதர்கள் பாசுரம் ஸேவித்து முடித்த பின் அக்குடும்பத்தாரிடம் இந்த ஒன்றை எடுத்துச் சொன்னால், அதுவும் அக்கைங்கரியத்தின் பகுதியே ஆகும்.